கரண்ட் வந்ததும் எழுந்துவிடும் பெட்டி

அன்றைக்கும் கரண்ட் வந்ததும் வராததுமாக உள்ளறையில் 'பீப்' என்று சத்தம் கேட்டது. அடுத்து விசிறி சுழலும் இரைச்சல். எங்கள் ஃபிரிட்ஜ் கூட ஒரு நிமிடம் யோசித்துத்தான் ஓட ஆரம்பிக்கும். இந்தச் சனியனுக்கு மட்டும் அப்படி என்ன அவசரமோ!

"எழுந்துட்டாளா உன் சக்களத்தி?" என்றார் என் கணவர், பேப்பரை முகத்திலிருந்து இறக்காமல்.

"சும்மா இருங்க" என்றேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அறுபத்து மூன்று வயதில் ஒரு தகரப் பெட்டியைப் பார்த்து அழுதேன் என்று யாரிடமாவது சொல்ல முடியுமா?

அந்தப் பெட்டி எங்கள் மகனுடையது. சர்வர் என்பான். கறுப்புப் பெட்டி, உள்ளே நாலு ஹார்ட் டிஸ்க். அவன் எடுக்கும் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அடையாறு முகத்துவாரத்துக் கொக்கு, பள்ளிக்கரணை நாரை, நடுநடுவே எங்கள் வீட்டுப் படங்களும். அவன் இருப்பது திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் தகரம் துருப்பிடித்துவிடும் என்று பெட்டியை மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். வேண்டும்போது அங்கிருந்தே இன்டர்நெட் வழியாக எடுத்துப் பார்த்துக்கொள்வான்.

மாதம் ஒருநாள் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரத்தை நிறுத்துவார்கள். மதியம் இரண்டுக்கு மேல் வரும். வந்ததும் பெட்டி தானாக எழுந்து, 'நான் எழுந்துவிட்டேன்' என்று அவனுக்கு ஒரு தகவலும் அனுப்பிவிடும். அவன் பார்த்துவிட்டு வேலையைக் கவனிப்பான். என் ஆத்திரமெல்லாம் அதில்தான். அது தானாக எழுந்துகொள்வதால் அவன் இங்கே வர வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

இத்தனைக்கும் மயிலாப்பூருக்கும் திருவான்மியூருக்கும் நடுவில் என்ன ஏழு கடலா இருக்கிறது? குளத்துக்குப் பக்கத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். ரயிலில் இன்னும் சீக்கிரம். அந்த அரை மணி நேரத்தைத் தாண்டி என் பிள்ளை இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

சண்டை எதுவும் இல்லை. சண்டையென்றால் சமாதானமாவது உண்டு. நடந்ததைச் சொல்கிறேன், தப்பு என்னுடையதுதான்.

தனியாகப் போன புதிதில் அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். தோளில் ஒரு பெரிய பை, பை நிறைய அழுக்குத் துணி. மிஷினில் போட்டுவிட்டு, சாப்பிட்டு, கூடத்தில் தரையில் படுத்துத் தூங்கி, மாலையில் காய்ந்ததும் காயாததுமாக மடித்து எடுத்துக்கொண்டு போவான். ஒரு ஞாயிறு எனக்கு முதுகு வலி. வேலைக்காரம்மாவும் வரவில்லை. அவன் பையைத் தரையில் வைத்ததும், "ஏண்டா, சலவைக்குத்தான் இந்த வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். மறுவாரம் போன் பண்ணி, "அம்மா, வாஷிங் மிஷின் வாங்கிட்டேன், இனிமே உனக்குச் சிரமமில்ல" என்றான். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அந்த ஒரு வாக்கியத்தில்.

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. 'உன்னைப் பார்க்கணும் போல இருக்கு, வா' என்று இந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. மாவு அரைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ. கொரியர் வந்திருக்கிறது, வாங்கிக்கொள். இப்படி ஏதாவது ஒரு வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். வருகிறவர்களும் ஒரு வேலையோடுதான் வருவார்கள். துணி மூட்டைதான் அவன் வருவதற்கான காரணம். அதை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். மாவும் இப்போது அவன் தெருமுனையிலேயே பாக்கெட்டில் கிடைக்கிறது. கொரியரும் நேராக அங்கே போய்விடுகிறது. ஞாயிறு என்பது தீபாவளி, பொங்கல் என்று குறைந்தது.

பிறகு ஓர் ஆயுத பூஜை வந்தது. நான் அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மிஷின், அவருடைய மூக்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே உள்ளறைக்குப் போனேன். பிள்ளையின் பெட்டியை விடலாமா? அதன் முகப்பில் நடுவாந்தரமாக வட்டமாய் ஒரு பட்டன், நெற்றி மாதிரியே இருந்தது. தாராளமாகச் சந்தனத்தை எடுத்து அதன் மேலேயே அப்பி, குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டினேன். அது பெட்டியை எழுப்புகிற, அணைக்கிற பட்டன். இரவுக்குள் சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டன் அமுங்கின வாக்கிலேயே நின்றுவிட்டது. பெட்டி படுத்துவிட்டது.

முப்பத்தோரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுத்தவள் செய்கிற காரியமா இது? ஆனால் மறுநாள் விஜயதசமி அன்று அவன் வந்தான். வந்து, மூடியைக் கழற்றி, பல் குத்தும் குச்சியும் பஞ்சும் வைத்துக்கொண்டு மதியம் முழுக்கச் சந்தனத்தைச் சுரண்டினான். "ஏம்மா, சுவிட்சுக்கு யாராவது பொட்டு வெப்பாங்களா?" என்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தரையில் படுத்துத் தூங்கினான். அவ்வளவு நல்ல நாள் எனக்கு அதற்குப் பின் வரவில்லை.

போவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்தான். பட்டன் சரியாக வராததால் அதன் ஒயரை உள்ளேயே பிடுங்கிவிட்டான். பட்டன் இல்லாவிட்டால் எழுப்புவது எப்படி? அதற்காக, கரண்ட் வந்தால் பெட்டி தானாகவே எழும்படி மாற்றி வைத்தான். "இனிமே யாரும் எதையும் அமுக்க வேண்டாம். உனக்கும் தொந்தரவு இல்ல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கிப் போனான்.

என் தலையில் இது ஏற ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பராமரிப்பு நாளில், பெட்டி 'பீப்' என்றபோதுதான் உறைத்தது. பெட்டி கெட்டால் அவன் வருகிறான். கெடாமல் இருப்பதற்கு இந்த ஒரே ஒரு ஏற்பாடுதான் காரணம். கரண்ட் வந்தும் இது எழாமல் கிடந்தால் பட்டனை அமுக்கவும் வழியில்லை. மூடியைத் திறக்க அவன் வந்தே தீர வேண்டும்.

"சுவிட்சை அணைச்சு வெச்சுட்டு எழலன்னு சொல்லேன், முடிஞ்சுது வேலை" என்றார் அவர்.

"அது பொய்."

"நீ பண்ணப் போறது மட்டும் என்னவாம்?"

"அது பழுது" என்றேன். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. கரண்ட் ஊருக்கே போக வேண்டும், ஊருக்கே வர வேண்டும், பெட்டி தன்பாட்டில் எழாமல் இருக்க வேண்டும். நான் போனில் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருக்க வேண்டும். பிள்ளையை ஏமாற்றுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டாமா?

முதலில் எது அதை எழுப்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பழைய யூபிஎஸ் இருந்தது. அதுதான் விஷமம் செய்கிறதோ என்று எங்கள் ஃப்ளாட்டுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் யூபிஎஸ்ஸைத் தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"பேட்ரி பூட்ச்சு டீச்சர். சும்மா டப்பாவாத்தான் குந்திகினு கீது. ஆமா, இன்னா கம்ப்ளைண்டு?"

"கரண்ட் வந்தா இந்தப் பெட்டி தானா ஓடுதுப்பா."

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா டீச்சர் நீ, கரண்ட் வந்தா மிஷினு ஓடுது, இதுக்குப் போய் என்னைக் கூப்டுகினு! ஓடலன்னாத்தானே கம்ப்ளைண்டு?"

"ஓடக் கூடாதுப்பா."

"ஓடக் கூடாதுன்னா எதுக்கு மிஷினு?" என்று கேட்டுவிட்டு, யூபிஎஸ்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

யூபிஎஸ் இல்லாமலும் பெட்டி எழுந்தது. இன்டர்நெட் ஒயர் வழியாக அவன்தான் அங்கிருந்து எழுப்புகிறானோ என்று அதையும் பிடுங்கிப் பார்த்தேன். அப்போதும் எழுந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றதையெல்லாம் அப்படியே விடு என்று எத்தனை வருடம் லேபில் கத்தியிருப்பேன்! மீதி இருந்தது பெட்டி மட்டும்தான். அவன் மாற்றி வைத்த விஷயம் அதன் உள்ளேயே எங்கோ இருக்கிறது.

இன்டர்நெட்டில் தேடித் தேடி, ஒரு பையன் இந்தியும் இங்கிலீஷும் கலந்து மூச்சு விடாமல் பேசுகிற வீடியோ கிடைத்தது. நான்கு தடவை பார்த்தேன். பரணிலிருந்து பழைய மானிட்டரையும் கீபோர்டையும் அவரை விட்டு இறக்கச் சொன்னேன். "முட்டி வலிக்காரனைப் பரண் ஏற வெச்சுட்ட" என்று முனகிக்கொண்டே இறக்கினார். என் கைபேசியில் அவன் போட்டுக் கொடுத்திருந்த ஆப்பிலிருந்து பெட்டியை ஒருமுறை அணைந்து எழச் சொல்லி, எழும் நேரத்தில் டெலீட் கட்டையை விடாமல் தட்டினேன். அடி சக்கை! பெட்டிக்குள் இருக்கும் ஏற்பாடுகளை மாற்றுகிற நீலத் திரை வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு பக்கம் துழாவினபின், மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்ற வரி கண்ணில் பட்டது. எதிரே மூன்று விருப்பங்கள். எழுந்திரு. எழாதே. கரண்ட் போகும்போது எப்படி இருந்தாயோ அப்படியே இரு. அவன் முதலாவதை வைத்திருந்தான்.

நான் மூன்றாவதை வைத்தேன். என்னவோ அது கொஞ்சம் மரியாதையான ஏற்பாடாகப் பட்டது. என் புத்தியை என்ன சொல்ல! கரண்ட் போகும்போது பெட்டி ஓடிக்கொண்டுதானே இருக்கும்? அடுத்த பராமரிப்பு நாளில் இரண்டே காலுக்குக் கரண்ட் வந்தது, 'பீப்' என்றது. ஒரு மாதம் வீண்.

இரண்டாவதை வைத்துவிட்டு மறுபடி ஒரு மாதம் காத்திருந்தேன். பேப்பரில் மின்தடைப் பகுதிகள் போடும் பக்கத்தைத் தினமும் நான்தான் முதலில் பிரிப்பேன். திருவான்மியூர் வந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன், எதற்கென்று தெரியாது. அந்த ஊர்ப் பெயரை எங்கே பார்த்தாலும் கண் நின்றுவிடும். பஸ் முகப்பில் பார்த்தால் கூட. ஒருநாள் லஸ் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தவள், அந்தப் பெயர் போட்ட பஸ் வந்து நின்றதும் ஏறிவிடலாமா என்று ஓரடி எடுத்து வைத்தேன். போய் என்ன சொல்வது? கையில் இருந்ததோ அரைக் கிலோ கத்தரிக்காய். பஸ் போய்விட்டது.

இரண்டாவது மாதம் கரண்ட் வந்தபோது உள்ளறையில் சத்தமே இல்லை. நான் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று மணி, நான்கு மணி, மூச். "ஜெயிச்சுட்டேன்" என்று அவரிடம் சொன்னேன். சேனைக்கிழங்கு கூட நறுக்க ஆரம்பித்துவிட்டேன், அவனுக்கு வறுவல் பிடிக்கும் என்று. சரியாக ஆறு மணிக்கு 'பீப்'. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதாவது காரணத்தால் எழாமல் போனால் ஆறு மணிக்காவது எழட்டும் என்று என் பிள்ளை அலாரமும் வைத்திருக்கிறான்! முன்ஜாக்கிரதையில் அப்படியே என்னைக் கொண்டிருக்கிறான். அன்றைக்கு சேனைக்கிழங்கு வறுவலை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அலாரத்தையும் எடுத்தேன். மூன்றாவது மாதம் கரண்ட் போய் வந்தது. மூன்று மணிக்கும் எழவில்லை, ஆறு மணிக்கும் எழவில்லை. ஆறேகாலுக்குப் போன் அடித்தது.

"அம்மா, கரண்ட் வந்துடுச்சா?"

"ரெண்டரைக்கே வந்துடுச்சே."

"பெட்டி எழல போல இருக்கே. ப்ளக்கை ஒரு தடவை அணைச்சுப் போடேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே போய் அணைத்துப் போட்டேன். "போட்டுட்டேன். எழலையேடா" என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம்.

"சரி. சனிக்கிழமை வர்றேன்" என்றான். பிறகு, "நானே வரணும்னுதான் இருந்தேன்" என்றான். அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. சனிக்கிழமை என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. மோர்க்குழம்பு, சேனை வறுவல், பருப்பு உசிலி, அப்பளம். "பெட்டியைப் பார்க்க வர்றானா, பொண்ணு பார்க்க வர்றானா?" என்று அவர் கிண்டல் செய்தார். ஆனால் அவரும் எட்டு மணிக்கே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

பதினொன்றுக்கு வந்தான். இளைத்திருந்தான். காதோரத்தில் நரை. ஏழு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு நரை வருமா, இல்லை முன்பே இருந்து நான்தான் பார்க்கவில்லையா? தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. "செருப்பை அங்க விடு, கூட்டியிருக்கு" என்றேன். எனக்கு வருகிற பேச்சு அதுதான்.

அவன் நேராக உள்ளறைக்குப் போனான். மூடியைத் திறந்து, பட்டன் ஒயர் இருந்த இடத்தில் இரண்டு கம்பி முனைகளை ஒன்றாகத் தொட வைத்ததும் பெட்டி எழுந்துவிட்டது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மானிட்டர் பரண்லதானே இருந்துது? மேஜை மேல இருக்கே?"

போச்சுடா! மூன்றாவது தடவை அசதியில் அதைத் திரும்ப ஏற்றவில்லை. நான் அடுப்பில் ஏதோ இருப்பது போல் நகர்ந்தேன். அவன் நீலத் திரைக்குப் போய்விட்டான். கட்டை தட்டும் சத்தம் நின்றது.

"அப்பா, நீங்க இதுல ஏதாவது தொட்டீங்களா?"

"நான் டிவி ரிமோட்டையே தொடறதில்லப்பா" என்றார் அவர். காட்டிக் கொடுப்பதில் மன்னன்.

"அம்மா. ரெண்டு இடத்துல மாத்தியிருக்கு. இது தானா மாறாது."

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். முப்பத்தோரு வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவள், அன்றைக்கு பதில் சொல்லத் தெரியாத கடைசி பெஞ்ச் மாதிரி நின்றேன்.

"நான்தான் மாத்தினேன்."

"ஏம்மா?"

"எழலன்னா நீ வருவேல்ல."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கையால் முகத்தைத் துடைத்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மூணு மாசம் ஆச்சுடா கண்டுபிடிக்க" என்றேன், அது ஏதோ பெருமை மாதிரி.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றான். "கம்பெனியில ஜெர்மனிக்குப் போகச் சொல்லிட்டாங்க. மூணு வருஷம். முதல்ல அவ்வளவுதான், அப்புறம் தெரியாது. விசா வந்து ஒன்றரை மாசம் ஆச்சு. போன்ல சொல்ல மனசு வரல. நேர்ல வந்து சொல்லலாம்னா, திடீர்னு வந்து என்னன்னு ஆரம்பிக்கறது? ஏதாவது வேலை வந்தா அந்தச் சாக்குல சொல்லிடலாம்னு பார்த்துட்டே இருந்தேன். பெட்டி எழலன்னதும், சரின்னு கிளம்பி வந்தேன்."

"எப்போ?"

"இன்னும் மூணு வாரம்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. தாயைப் போல பிள்ளை என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். நான் இங்கே மயிலாப்பூரில் ஒரு சாக்கைத் தேடி மூன்று மாதம் மின்தடைப் பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் அங்கே திருவான்மியூரில் ஒரு சாக்குக்காக ஒன்றரை மாதம் காத்துக்கொண்டிருந்தான். நடுவில் அரை மணி நேரப் பஸ். ஒருத்தர் ஏறியிருந்தால் போதும்.

கூடத்தில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. "அங்க குளிர் ஜாஸ்தி இருக்குமே" என்றார் அவர், அங்கிருந்தபடியே. எழுந்து வரவில்லை. வந்தால் முகத்தைக் காட்ட வேண்டுமே.

சாப்பிட்டான். உசிலி நன்றாக இருக்கிறது என்றான். நான் மோரை மட்டும் குடித்தேன். கை கழுவிவிட்டு அவன் மறுபடி உள்ளறைக்குப் போய் என்னைக் கூப்பிட்டான்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும்மா. அங்க இருந்தே பார்த்துப்பேன். ஆனா கரண்ட் போய் வந்தா இது தானா எழணும். இனிமே நான் வந்து மூடியைத் திறக்க முடியாதுல்ல." நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டான். "நீயே மாத்தும்மா. நான் இல்லாதப்போ உனக்குத்தான் இது தெரிஞ்சிருக்கணும்."

எனக்குத்தான் வழி மனப்பாடமாயிற்றே. அவன் சொல்லாமலே நேராக அந்தப் பக்கத்துக்குப் போனேன், அந்த வரியில் நிறுத்தினேன். எழாதே என்பதிலிருந்து எழுந்திரு என்பதற்கு ஒரே ஒரு அம்புக்குறி. என் விரல் அதன் மேலேயே இருந்தது. அதை அமுக்கினால் அவன் வர வேண்டியதில்லை என்று நானே கையெழுத்துப் போடுகிற மாதிரி. அவன் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு விடுவது கேட்டது. அமுக்கினேன். ஆறு மணி அலாரத்தையும் திரும்ப வைத்தேன். சேமிக்கவா என்று கேட்டது. சேமித்தேன். பெட்டி அணைந்து, 'பீப்' என்று எழுந்தது.

"கரெக்ட்" என்றான்.

நாலு மணிக்குக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பட்டனை அமுக்கினான். லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. வழக்கமாக நான் இந்த நேரத்தில், பார்த்துப் போ, போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் பண்ணு என்பேன். அன்றைக்கும் வாயில் அதுதான் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, "நாளைக்கு வாடா" என்றேன்.

"நாளைக்கா? நாளைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. உன்னைப் பார்க்கணும்."

லிஃப்ட் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. என்னையே பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் என் கையை விடும்போது இப்படித்தான் பார்ப்பான்.

"வர்றேன்மா" என்றான்.

மறுநாள் வந்தான். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் வந்தான். கையில் பை இல்லை, செய்ய வேலையும் இல்லை. சாப்பிட்டான், கூடத்தில் தரையில் படுத்துத் தூங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காதோர நரையைத் தொட்டுப் பார்த்தேன். முழித்துக்கொண்டுதான் இருந்தான் என்று நினைக்கிறேன், கண்ணைத் திறக்கவில்லை. இத்தனை வருடமும், வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பான்.